தேர்வு முடிவும் அதற்குப் பின்னும்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையை அடுத்து நீண்டு கிடப்பது சாலைக் கடைவீதி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருவிதாங்கூர் அரசின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அமைத்த அங்காடி இது. இக்கடைவீதியை ஒட்டியதே ஆரியசாலை. பருப்பு, மிளகாய், வெல்லம், கயிறு, பாத்திரம் முதலிய பண்டங்களின் மணமும் ஓசையும் நிறைந்த இப்பகுதியில் தமிழும் மலையாளமும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து ஒலித்து வருகின்றன. சாலைத் தெருவையே தம் கதைகளுக்குக் களமாகக் கொண்ட எழுத்தாளர் ஆ. மாதவன் (1934–2021) இவ்வீதியில் கடை நடத்தி வந்தவர். 2015ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது அவருக்குக் கிடைத்தது.

இத்தகைய தெருவில், மொத்த விற்பனைக் கடையொன்றின் கணக்கப்பிள்ளைக்கு ஒரு மகள் இருப்பதாகக் கொள்க. குடும்பத்தில் முதன்முதலாகப் பொறியியற் பட்டம் பெறுபவள் அவள். முதுகலைப் பொறியியல் வகுப்பில், அதுவும் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்றில், சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்கென ஓராண்டுக் காலம் பயின்று, பிப்ரவரித் திங்களில் 'கேட்' என்னும் தேர்வை எழுதினாள். மார்ச்சுத் திங்களில் முடிவு வந்தது. நூற்றுக்கு முப்பத்தாறு மதிப்பெண். தகுதி உண்டு, ஆயினும் விரும்பிய இடம் கிட்டாது. வீட்டில் இரவு உணவு பரிமாறப்படுகின்றது, எவரும் பேசவில்லை. இன்னும் ஓராண்டு படிக்கட்டும் என்பது தாயின் எண்ணம். திருமணப் பேச்சைத் தொடங்கலாம் என்கிறார் மாமா. தந்தையோ கடையில் வாங்கிய முன்பணத்தை மனத்துள் கணக்கிடுகின்றார்.

இந்நிலை ஆரியசாலைக்கு மட்டும் உரியதன்று. 2023ஆம் ஆண்டு கேட் தேர்வை எழுதியோர் ஏறத்தாழ 5.17 இலட்சம் பேர். அவர்களுள் தகுதி பெற்றோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரே. அஃதாவது நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். தகுதி பெற்றவர்களிலும் விரும்பிய நிறுவனத்தில் விரும்பிய துறையை அடைவோர் சிறு பகுதியினர். எனவே ஏமாற்றம் அடைவோரே மிகுதி. அவர்கள் பலர் தம் பழைய ஆசிரியரையோ, ஊரில் அறிமுகமான விரிவாக்க அலுவலரையோ நாடி வருகின்றனர். அவ்வாறு வருவோர்க்கு விஞ்ஞான முறையில் கூறத்தக்கது யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

எண் எதைக் கூறுகின்றது?

கேட் தேர்வு 1980களின் முற்பகுதியில் தொடங்கப்பெற்றது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், பம்பாய், டில்லி, கௌஹாத்தி, கான்பூர், கரக்பூர், சென்னை, ரூர்க்கி ஆகிய ஏழு இடங்களிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் முறை வைத்து இதனை நடத்துகின்றன. மூன்று மணி நேரத்தில் 65 வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் பொது அறிதிறனுக்கு உரியது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாக்களில் தவறான விடைக்குத் தண்டம் உண்டு. ஒரு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் ஒரு பங்கும், இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மூன்றில் இரண்டு பங்கும் கழிக்கப்படும். எண்ணை விடையாக எழுதும் வினாக்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைக் கொண்ட வினாக்களுக்கும் தண்டம் இல்லை.

பெற்ற மதிப்பெண்ணிலிருந்து 'கேட் அளவெண்' என்னும் வேறோர் எண் கணிக்கப்படுகின்றது. பொதுப் பிரிவினருக்குரிய தகுதி மதிப்பெண்ணைப் பெற்றவருக்கு 350 என்றும், முதல் வரிசையில் நின்றோரின் சராசரியைப் பெற்றவருக்கு 900 என்றும் வைத்துக் கொண்டு, இடைப்பட்ட மதிப்பெண்கள் அந்த விகிதப்படி நிரவப்படுகின்றன. ஆண்டுக்கு ஆண்டு வினாத்தாளின் கடுமை மாறுவதால் ஏற்படும் வேற்றுமையை இம்முறை ஓரளவு நீக்குகின்றது.

மேலே கூறிய மாணவியின் பாடத்தில் தகுதி மதிப்பெண் 28 என்றும், முதல் வரிசையினரின் சராசரி 80 என்றும் கொள்க. அவள் பெற்றது 36. தகுதி மதிப்பெண்ணுக்கு மேல் எட்டு. 28க்கும் 80க்கும் இடைவெளி 52. ஆகவே 550ஐ எட்டால் பெருக்கி 52ஆல் வகுக்க ஏறத்தாழ 85 வரும். அதனை 350உடன் கூட்ட, அவளுடைய அளவெண் 435.

இப்பொழுது ஒரு சிறு மாறுதலை நினைத்துப் பார்க்கலாம். இரண்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டில் அவள் ஐயத்துடன் குறித்த விடைகள் தவறாகி விட்டன. அவற்றைக் குறிக்காமலே விட்டிருந்தால் மதிப்பெண் 37.33 ஆகவும், அளவெண் 449 ஆகவும் இருந்திருக்கும். அவ்விரண்டும் சரியாக அமைந்திருப்பின் மதிப்பெண் 41.33, அளவெண் 491. இரண்டே வினாக்களில் 56 அளவெண் ஏறியிறங்குகின்றது. ஆனால் அவளது மின்னியல் அறிவு இம்மூன்று நிலைகளிலும் ஏறத்தாழ ஒன்றே.

எந்த அளவீட்டிலும் பிழையெல்லை என ஒன்று உண்டு என்பதைச் சோதனைச் சாலையில் பணியாற்றியோர் அறிவர். வெப்பமானியின் அளவைக் குறிக்கும்போது அதன் பிழையெல்லையையும் குறிப்பது வழக்கம். தேர்வு மதிப்பெண்ணும் ஓர் அளவீடே. குறித்த ஒரு நாளில், குறித்த 65 வினாக்களுக்கு, குறித்த நேரத்துக்குள் ஒருவர் அளித்த விடைகளின் அளவு அது. வேறொரு நாளில், வேறொரு வினாத்தாளில் அவ்வெண் சிறிது கூடியோ குறைந்தோ இருக்கும். ஆனால் சேர்க்கைக்குரிய எல்லைக் கோடு மட்டும் கூர்மையாக வரையப்பட்டு விடுகின்றது. கோட்டுக்கு ஒரு முழம் மேலே நின்றவர்க்கும் ஒரு முழம் கீழே நின்றவர்க்கும் திறமையில் பெரும் வேறுபாடு இல்லை. இடம் குறைவு, நாடுவோர் மிகுதி என்பதனால் கோடு தேவைப்படுகின்றது.

இவ்வாறு கூறுவதால் மதிப்பெண்ணுக்குப் பொருளே இல்லை என்று கொள்ளலாகாது. 36 மதிப்பெண் பெற்றவருக்கும் 70 மதிப்பெண் பெற்றவருக்கும் உள்ள வேறுபாடு தற்செயலால் மட்டும் விளைவதன்று. எந்தெந்தப் பகுதிகளில் அடிப்படை உறுதியாக இல்லை என்பதை அந்த எண் சுட்டுகின்றது. அதனைப் பிழையெல்லையுடன் படித்தல் வேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது.

முதல் சில நாட்கள்

எதிர்பார்த்தது கிட்டாதபோது உடலும் உள்ளமும் சேர்ந்தே வருந்துகின்றன. உறக்கம் கலைகின்றது, பசி குன்றுகின்றது, ஒரே நினைவு திரும்பத் திரும்ப வருகின்றது. இது நோயன்று; இழப்புக்கு உடல் காட்டும் இயல்பான எதிர்விளைவு. பெரும்பாலோர்க்குச் சில நாட்களில், அல்லது சில வாரங்களில், இது தணிந்து விடும். அந்நாட்களில் கடைப்பிடிக்கத்தக்கவை எளியவை. குறித்த நேரத்தில் உறங்கி எழுதல், நாள்தோறும் உடல் வியர்க்க நடத்தல், நம்பத்தக்க ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுதல், பிறருடைய மதிப்பெண்களைக் கேட்டு அலைவதை நிறுத்தல் ஆகியவை அவை. படிப்பை விட்டு விடுவது, கிடைத்த முதல் இடத்தில் பெருந்தொகை கட்டிச் சேர்ந்து விடுவது போன்ற பெரிய முடிவுகளை அந்த வாரத்தில் எடுக்காதிருத்தல் நன்று. விண்ணப்பத்தின் இறுதி நாட்களை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தால் போதும்.

ஆனால் எல்லோர்க்கும் இது தானே தணிவதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேலும் உறக்கமின்மை நீடித்தல், அறையை விட்டு வெளிவர மறுத்தல், 'என்னால் எல்லோர்க்கும் சுமை' என்னும் பொருள்படப் பேசுதல், தான் பேணி வந்த பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்து விடுதல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். இவற்றைக் காணும் ஆசிரியரோ ஊழியரோ, 'உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் வருகின்றதா?' என்று நேராகவே கேட்கலாம். அவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தை விதைத்து விடும் என்பது பலரும் கொண்டுள்ள தவறான கருத்து. கேட்பதனால் தீங்கு விளைவதில்லை என்றும், பலர் அதனால் ஆறுதல் அடைகின்றனர் என்றும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. விடை 'ஆம்' என்றால் அவரைத் தனியே விடலாகாது. பூச்சிக்கொல்லி மருந்து போன்றவற்றை வீட்டிலிருந்து அகற்றுதல் வேண்டும். கிராமப்புறங்களில் பணியாற்றும் ஊழியர்கள் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளல் தகும். மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவித் தொலைபேசியின் எண் 14416. இது இரவு பகல் எந்நேரமும் இயங்குகின்றது. பல இந்திய மொழிகளிலும் பேசலாம். கேரளத்தில் 'திசா' என்னும் உதவித் தொலைபேசி 1056 என்னும் எண்ணில் உள்ளது. இவ்விரு எண்களும் பள்ளி, கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே எழுதப்பட்டிருத்தல் நலம்.

தும்பாவிலிருந்து ஒரு பாடம்

தோல்வியை எவ்வாறு ஆராய்வது என்பதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஆரியசாலைக்கு வடமேற்கே, கடற்கரையில் அமைந்துள்ளது தும்பா. 1963 நவம்பர் 21ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு அங்கிருந்தே ஏவப்பட்டது. அதன் பின்னர் அங்கு வளர்ந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், எஸ்.எல்.வி.-3 என்னும் செயற்கைக்கோள் ஏவு ராக்கெட்டு வடிவமைக்கப்பட்டது. நான்கு அடுக்குகளும் 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்டது அது. அத்திட்டத்தின் இயக்குநர் இராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து முதல் எஸ்.எல்.வி.-3 ஏவப்பட்டது. முதல் அடுக்கு செவ்வனே இயங்கியது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு தவறியது. சில நிமிடங்களில் ராக்கெட்டு வங்கக் கடலில் வீழ்ந்தது. பல ஆண்டு உழைப்பு அத்துடன் கடலில் மூழ்கியது. அப்பொழுது விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராயிருந்த சதீஷ் தவான் பத்திரிகையாளர் முன் சென்று பொறுப்பைத் தாமே ஏற்றார் என்பதைக் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் நினைவு கூர்ந்துள்ளார்.

அதன் பின் நடந்தது கவனிக்கத்தக்கது. பறந்த நேரத்தில் கிடைத்த அளவைகள் அனைத்தும் வரிசைப்படுத்தப்பட்டன. எந்த நொடி வரையில் எல்லாம் சரியாக இருந்தன, எந்த நொடியில் முதற் பிறழ்ச்சி தோன்றியது என்பது தேடப்பட்டது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தேவையான அமிலம், வால்வு ஒன்றின் வழியே முன்னரே கசிந்து போயிருந்தது என்பது தெளிவாயிற்று. ஒரு வால்வு! முழு ராக்கெட்டையும் புதிதாக வடிவமைக்க வேண்டிய தேவை எழவில்லை. பழுது திருத்தப்பட்டது. ஓராண்டு நிறைவதற்குள், 1980 சூலை 18ஆம் நாள், அதே வகை ராக்கெட்டு 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளை வட்டப் பாதையில் செலுத்தியது.

பொறியியலார் வீழ்ந்த ராக்கெட்டைப் பற்றி 'இது உதவாத ராக்கெட்டு' என்று தீர்ப்புக் கூறி அமைவதில்லை. எந்த அடுக்கு, எந்த உறுப்பு, எந்த நொடி என்று கேட்கின்றனர். தேர்வில் தவறிய மாணவர் பலர் தம்மைப் பற்றி இவ்வாறு கேட்பதில்லை. 'எனக்கு மூளை போதாது' என ஒரே சொல்லில் முடித்து விடுகின்றனர். ஒருவர் தம் தோல்விக்குக் கற்பிக்கும் காரணம் அவருடைய பின்னைய முயற்சியைப் பெரிதும் பாதிக்கின்றது என்பதை அமெரிக்க உளவியலார் பெர்னார்டு வைனர் விரிவாக ஆராய்ந்துள்ளார். மாறாததும் தம் கைக்கு அப்பாற்பட்டதுமான காரணத்தைக் கற்பிப்போர் முயற்சியைக் கைவிடுகின்றனர். மாறக்கூடியதும் தம் கைக்கு உட்பட்டதுமான காரணத்தைக் காண்போர் மீண்டும் முயல்கின்றனர்.

விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தல்

கேட் தேர்வில் ஒவ்வொருவரும் குறித்த விடைகளும், வினாத்தாளும், சரியான விடைகளின் பட்டியலும் வெளியிடப்படுகின்றன. எனவே ஆராய்வதற்குரிய அளவைகள் கையிலேயே உள்ளன. ஆசிரியர் மாணவியை அழைத்து, 'விடைகளை எடுத்து வா, அம்மா. இருவரும் சேர்ந்து பார்ப்போம்' என்று கூறினால் அதுவே முதல் உதவியாகும்.

65 வினாக்களையும் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதி, இழந்த மதிப்பெண்களை நான்கு குவியல்களாகப் பிரித்தல் வேண்டும். பாடமே படிக்கப்படாத வினாக்கள் முதற் குவியல். படித்தும் கருத்து விளங்காதவை இரண்டாவது. கருத்து விளங்கியும் கணக்கிடுவதில் தவறியவை மூன்றாவது. நேரம் போதாமலோ, குருட்டு ஊகத்தாலோ இழந்தவை நான்காவது. ஒவ்வொரு குவியலின் மதிப்பெண்களையும் கூட்டினால் பழுதுற்ற வால்வு எங்கே என்பது தெரிந்து விடும்.

குவியலுக்கேற்ப மருந்தும் வேறுபடும். முதற் குவியல் பெரிதாயின் பாடத்திட்டத்தை முடிப்பதற்கு நாட்கள் தேவை. இரண்டாவது பெரிதாயின் ஆசிரியரின் துணையோடு அடிப்படை நூலுக்குத் திரும்புதல் வேண்டும். மூன்றாவது பெரிதாயின் கையால் கணக்கிட்டுப் பழகுவதே வழி. நான்காவது பெரிதாயின் கடிகாரத்தை வைத்துக் கொண்டு முழுத் தாள்களை எழுதிப் பழகுதல் வேண்டும்.

ஊகத்தைப் பற்றிச் சிறு கணக்கு ஒன்று பயன்படும். இரண்டு மதிப்பெண் வினாவில் நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக் கொண்டு குறித்தால், நான்கில் ஒரு வாய்ப்பில் இரண்டு மதிப்பெண் கிடைக்கும். நான்கில் மூன்று வாய்ப்பில் மூன்றில் இரண்டு மதிப்பெண் போகும். சராசரி வரவு அரை. சராசரி செலவும் அரை. இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடை தவறு என உறுதியாகத் தள்ளிய பின் எஞ்சிய மூன்றில் ஒன்றைக் குறித்தால், சராசரியாக வினா ஒன்றுக்கு 0.22 மதிப்பெண் இலாபம். ஆகவே குருட்டு ஊகம் பயனற்றது. அறிவின் துணை கொண்ட ஊகம் ஓரளவு பயன் தருவது.

படிக்கும் முறையையும் ஆராய்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலார் வெளியிட்ட சோதனை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. மாணவர் ஒரு பகுதியினர் ஒரு கட்டுரையைப் படித்து, மீண்டும் படித்தனர். மற்றொரு பகுதியினர் ஒருமுறை படித்து, பின்னர் நூலை மூடி விட்டு நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தி நின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, மீண்டும் படித்தவர்கள் நூற்றுக்கு 42 பங்கையும், நினைவிலிருந்து எழுதியவர்கள் நூற்றுக்கு 56 பங்கையும் நினைவிற் கொண்டிருந்தனர். திரும்பத் திரும்பப் படிப்பதால் 'தெரிந்து விட்டது' என்னும் உணர்ச்சி விரைவில் உண்டாகின்றது; நிலைத்த அறிவு நூலை மூடி எழுதிப் பார்ப்பதனால் வளர்கின்றது. ஓராண்டு உழைத்தும் பயன் காணாத மாணவர் பலரிடம் இந்த ஒரு பழக்கத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம்.

எஞ்சியுள்ள வழிகள்

கேட் அளவெண் முடிவு வெளியான நாளிலிருந்து மூன்றாண்டுக் காலம் செல்லுபடியாகும். ஆரியசாலை மாணவி தகுதி பெற்றிருக்கிறாள் என்பதை வீட்டார் எளிதில் மறந்து விடுகின்றனர். தகுதி பெற்றவர்கள் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் இடம் பெறுவதற்குப் பொதுக் கலந்தாய்வு உண்டு. முதற் சுற்றில் கிட்டாத இடம், பிறர் விட்டுச் செல்வதால் பிற்சுற்றுக்களில் கிட்டுவதும் உண்டு. மாநில அரசின் பொறியியற் கல்லூரிகள் உள்ளன. திருவனந்தபுரத்திலேயே 1939ஆம் ஆண்டு தோன்றிய அரசினர் பொறியியற் கல்லூரி உள்ளது. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களில் கேட் தகுதியுடன் முதுகலைப் பொறியியலில் சேர்வோர் மாதந்தோறும் உதவித் தொகை பெறவும் வழியுண்டு. ஏழைக் குடும்பத்துக்கு நிறுவனத்தின் பெயரைக் காட்டிலும் இது பெரிதாக இருத்தலும் கூடும்.

முதுகலை விஞ்ஞானப் படிப்பை நாடி 'ஜாம்' தேர்வு எழுதியவர்க்கு அந்த மதிப்பெண் அவ்வாண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே பயன்படும். அவர்கள் மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வையும், மாநிலப் பல்கலைக் கழகங்களின் அறிவிப்புக்களையும் நோக்குதல் வேண்டும்.

ஓராண்டு பணியாற்றி விட்டு மீண்டும் எழுதுவதும் ஒரு வழியே. ஆராய்ச்சி நிலையங்களில் திட்டப் பணியாளராகச் சேர்வோர்க்கு ஊதியமும் அனுபவமும் ஒருங்கே கிடைக்கின்றன. வீட்டிலிருந்து படிப்போர்க்கு இடவசதி இல்லையாயின் நூலகம் உதவும். திருவனந்தபுரம் மாநில மத்திய நூலகம் 1829ஆம் ஆண்டு தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்று அது.

மீண்டும் எழுதுவதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க மூன்று வினாக்கள் போதும். இழந்த மதிப்பெண்களில் எத்துணையை ஓராண்டில் மீட்கக் கூடும்? அந்த ஓராண்டின் செலவைக் குடும்பம் கடனின்றித் தாங்குமா? இம்முறையும் கிட்டாவிடில் செய்யத்தக்க வேலை யாது என்பது இப்பொழுதே முடிவாகியுள்ளதா? மூன்றுக்கும் தெளிவான விடை இருப்பின் மீண்டும் முயலலாம். இல்லையேல் கிடைத்த இடத்தில் சேர்வதோ, வேலையை ஏற்பதோ இழுக்கன்று. ஒரே வாயிலை ஐந்தாண்டு தட்டி நிற்பதனால் மட்டும் அதனை விடாமுயற்சி என்று போற்றி விட முடியாது.

முன்னோர் வாழ்வு கூறுவது

மாணவரைத் தேற்றுவதற்குப் பெரியோர் வாழ்க்கையை எடுத்துக் கூறுவது ஆசிரியர் வழக்கம். கணித மேதை சீனிவாச இராமானுஜன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பிற பாடங்களில் தவறியதால் உதவித் தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலிருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் வெற்றி பெறவில்லை. அவரே 1918ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்துல் கலாம் 1958ஆம் ஆண்டு டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்குச் சென்றார். எட்டு இடங்களுக்கு இருபத்தைந்து பேர் வந்திருந்தனர். அவர் பெற்றது ஒன்பதாவது இடம். பின்னர் டில்லியில் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பிரிவில் பணியேற்றார். அதன் பின் தும்பாவுக்கு வந்தார்.

இவை உண்மை நிகழ்ச்சிகளே. எனினும் இவற்றை ஆதாரமாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். தோற்றுப் பின் உயர்ந்தோரின் வரலாறு மட்டுமே எழுதப்படுகின்றது. தோற்று மறைந்தோரின் வரலாறு எழுதப்படுவதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் எண்ணி முடிவு காண்பது விஞ்ஞான முறையாகாது.

இரு பக்கங்களையும் எண்ணிய ஆராய்ச்சியொன்று 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்கத் தேசிய உடல்நல நிலையங்களிடம் 1990 முதல் 2005 வரை ஆராய்ச்சி நிதி வேண்டி விண்ணப்பித்த இளம் விஞ்ஞானிகளை வாங், ஜோன்ஸ் முதலியோர் ஆராய்ந்தனர். எல்லைக் கோட்டுக்குச் சற்று மேலே நின்று நிதி பெற்றோர் ஒரு குழு. சற்றுக் கீழே நின்று நிதி இழந்தோர் மற்றொரு குழு. தகுதியில் இரு குழுவும் ஏறத்தாழ ஒன்றே. நிதி இழந்தோர் அந்த அமைப்பை விட்டே நிலையாக நீங்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடியிருந்தது. அவ்வாறு நீங்காமல் தொடர்ந்து உழைத்தவர்களோ, பின்னைய ஆண்டுகளில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பெறும் கட்டுரைகளை எழுதுவதில் நிதி பெற்றோரை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விஞ்சினர். மன உறுதி குன்றியோர் விலகியதால் மட்டும் இந்த வேறுபாடு தோன்றவில்லை என்பதையும் அவ்வாராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தனர்.

இதிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முதற் சறுக்கல் சிலரை உண்மையாகவே துறையை விட்டு வெளியேற்றி விடுகின்றது; அதனைச் சிறிதெனக் கொள்ளலாகாது. தொடர்ந்து நின்றோர்க்கு அது தடையாக நிலைப்பதில்லை என்பது மற்றொன்று. சறுக்கியவர் வெளியேறுவதா, நிற்பதா என்பது முடிவாகும் அந்தச் சில வாரங்களில்தான் ஆசிரியரின் சொல்லும் குடும்பத்தின் சொல்லும் எடை பெறுகின்றன.

வீட்டாரும் ஆசிரியரும்

'அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்' என்னும் சொல் எவர்க்கும் உதவியதில்லை. 'பரவாயில்லை, விடு' என்பதும் போதாது. இழப்பைச் சிறுமைப்படுத்துவதாக அது மாணவர் செவியில் படும். ஓராண்டு உழைப்பு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை, அது வருத்தத்துக்குரியதே என்று ஒப்புக் கொண்டு, அதன் பின் விடைத்தாளை எடுத்து வைப்பதே முறை. செலவைப் பற்றிய பேச்சை மறைக்கவும் வேண்டா. பணம் எவ்வளவு உள்ளது, எத்துணை காலம் தாங்கும் என்பதைத் தந்தை மகளிடம் எண்ணிக்கையுடன் கூறி விட்டால், அவள் கற்பனையில் சுமந்து வரும் பாரம் பெரும்பாலும் குறைந்து விடும். திருமணம் பற்றிய முடிவைத் தேர்வு முடிவோடு பிணைக்காதிருத்தலும் வேண்டும். மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாக வரும் எந்த ஏற்பாடும் நல்லேற்பாடாக அமைதல் அரிது.

ஆரியசாலையில் இரவு ஒன்பது மணி அளவில் கடைகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. அடைக்கும் முன் கணக்கப்பிள்ளை அன்றைய வரவு செலவை நாளேட்டில் எழுதிக் கூட்டுகின்றார். விலை போனது எது, தேங்கியது எது, பூச்சி அரித்தது எது என்பது தனித்தனியே பதியப்படுகின்றது. நட்டம் வந்த நாளில் கூட்டலை மாற்றி எழுதுவதும் இல்லை. கடையை மூடி விட்டுப் போவதும் இல்லை. நாற்பது ஆண்டு நாளேடு எழுதிய அந்தத் தந்தைக்குத் தம் மகளின் 65 வினாக்களை நான்கு பத்திகளில் பதியும் குறிப்பேடு விளங்காத ஒன்றன்று. ஓர் இரவு அவர் அதனருகில் அமர்ந்து, 'இந்த மூன்றாம் பத்தியில் ஒன்பது மதிப்பெண் வீணாகப் போயிருக்கிறதே' என்று விரல் வைத்துக் காட்டுவாராயின், அன்றே அவ்வீட்டில் பேச்சு மீண்டும் தொடங்கி விடும்.